அரையைச் சுற்றிய கயிறு

குழந்தை பிறந்து பதினோராம் நாள். தங்கச்சிமடத்து வீட்டின் உள்ளறையில் அப்பத்தா தன் பழைய நூல் சேலையை நீளவாக்கில் மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, அடிவயிற்றில் தொடங்கி மேலே மேலே சுற்றி இறுக்கினாள். அதே வேலைக்காக வந்த இன்னொன்று கட்டிலில் கிடந்தது. கூரியரில் வந்த கறுப்பு பெல்ட். ரப்பர் போலத் தடித்த துணி, மூன்று வரிசைக் கொக்கி, அட்டைப்பெட்டியின் மேல் உடுக்கை இடுப்போடு நிற்கும் ஒரு பெண்ணின் படம்.

"மதினி, சேலையவே கட்டிக்கவா, இல்ல இதப் போட்டுக்கவா? எதுல சீக்கிரம் வயிறு உள்ள போகும்?" என்று தம்பி மனைவி என்னிடம் கேட்டாள்.

அன்றைக்கு அவளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. பிள்ளை அழுதுகொண்டிருந்தது. சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். அவளைப் போலவே கேட்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆண்களும்தான்.

எங்கள் கரையில் உழைக்கிறவர்கள் உடம்பில் எதையாவது கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவார்கள். சாயல்குடிப் பக்கம் பனையேறுகிறவர் பாளை சீவும் அரிவாளைப் பெட்டியில் வைத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றி, எடுத்த பாசியைப் போட வலைப்பையோடு கடலுக்குள் இறங்குவார்கள். துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர் துண்டை இடுப்பைச் சுற்றி வரிந்து கட்டுவார். இந்தக் கட்டுகளெல்லாம் ஒன்றைத் தாங்கவோ காக்கவோ பிடித்துவைக்கவோ வந்தவை. பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் முப்பது நாற்பது பனை ஏறி இறங்குகிறவரின் வயிறு ஒட்டிக் கிடப்பதைப் பார்க்கிறோம். அவர் கட்டியிருக்கும் வாரால்தான் அப்படி ஆனது என்று நாம் யாரும் சொல்வதில்லை. ஏறி இறங்கியதால் ஆனது என்று நமக்குத் தெரியும். கடையில் விற்கிற பெல்ட் என்றால் மட்டும் இந்தத் தெளிவு நம்மை விட்டுப் போய்விடுகிறது.

வாலிநோக்கத்து உப்பளத்தில் உப்பு மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு கயிற்றைப் போட்டு இறுக்குங்கள். இடை சிறுக்கும், மேலும் கீழும் பிதுங்கும். தராசில் வைத்தால் ஒரு கைப்பிடி உப்புகூடக் குறைந்திருக்காது. கயிற்றை அவிழ்த்தால் கொஞ்ச நேரத்தில் பழைய உருவம். வயிற்றின் கொழுப்புக்கும் இதேதான் நடக்கிறது. கொழுப்பு என்பது கோடிக்கணக்கான செல்களுக்குள் துளித்துளியாகச் சேர்த்து வைத்த எண்ணெய். அந்த எண்ணெய் வெளியே வர வேண்டுமானால் செல்லுக்கு ஒரு செய்தி வர வேண்டும். சாப்பிட்டு நேரமாகி இன்சுலின் இறங்கும்போதோ, உழைக்கும்போது அட்ரினலின் ஏறும்போதோ அந்தச் செய்தி வருகிறது. உடனே செல்லுக்குள்ளிருக்கும் நொதிகள் எண்ணெயைக் கொழுப்பு அமிலமாக உடைத்து ரத்தத்தில் விடும். தசை அதை எடுத்து எரிக்கும். வெளியிலிருந்து வரும் அழுத்தம் இந்தச் செய்திகளில் ஒன்றல்ல. வெப்பமும் அல்ல. இறுக்கிய இடத்துக் கொழுப்புச் செல், தான் இறுக்கப்படுவதற்காகத் தன் எண்ணெயை விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, அந்த இடத்துத் தசைக்கு வேலை கொடுத்தாலாவது அந்த இடத்துக் கொழுப்பு கரையுமா? இதையும் சோதித்திருக்கிறார்கள். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு ஒரு கை மட்டும் பல்லாண்டு கூடுதலாக உழைக்கிறது. 1971-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் அவர்களின் இரண்டு கைகளிலும் தோலடிக் கொழுப்பை அளந்தார்கள். உழைத்த கையில் தசை பெருத்திருந்தது. கொழுப்பின் தடிமனில் வேறுபாடு இல்லை. 1984-இல் இன்னொரு குழு, 27 நாளில் ஒவ்வொருவரையும் 5,004 தடவை படுத்தெழுந்து வயிற்றுப் பயிற்சி செய்ய வைத்தது. வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடங்களிலிருந்தும் கொழுப்புச் செல்களை ஊசியால் எடுத்துப் பார்த்ததில், வயிற்றுச் செல் மட்டும் தனியாகச் சுருங்கியிருக்கவில்லை. கொழுப்பை எங்கிருந்து முதலில் எடுப்பது என்பதை நம் விருப்பத்துக்கு உடம்பு விட்டுவைக்கவில்லை. அதை மரபும் ஹார்மோனும் வயதும் முடிவு செய்கின்றன.

அந்தக் கறுப்பு பெல்ட்டின் துணிக்கு நியோபிரீன் என்று பெயர். 1930களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை ரப்பர். குளிர்ந்த கடலில் முக்குளிக்கிறவர்கள் உடல்சூடு வெளியேறாமலிருக்க அணியும் உடை இதே துணியில் தைக்கப்படுவதுதான். சூட்டை வெளியே விடாத துணியை உச்சிப்புளி வெயிலில் வயிற்றைச் சுற்றிக் கட்டினால் வேர்த்துக் கொட்டத்தான் செய்யும். ஒரு லிட்டர் வேர்வை போனால் ஒரு கிலோ எடை குறைந்ததாகத் தராசு காட்டும். இரண்டு செம்பு தண்ணீர் குடித்ததும் அது திரும்பி வந்துவிடும். போனது தண்ணீரும் உப்பும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. வேர்வையைப் பார்த்தால் உழைப்பு என்று நம்புவது நம் மனசின் பழக்கம். ஆனால் வேர்வை உடம்பைக் குளிர்விக்க வந்தது. ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் உடம்பிலிருந்து 580 கிலோ கலோரி அளவு சூட்டை எடுத்துப்போகும். நியோபிரீனுக்கு அடியில் அது ஆவியாக வழியில்லை. சொட்டிச் சொட்டி வீணாகிறது. சூடு உள்ளேயே நிற்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த ராமேசுவரத்தில் மே மாதம் இதைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர், உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழியில் ஒன்றை அடைக்கிறார். கொழுப்புக்கென்று ஒரு வெளிவாசல் உண்டு என்றால் அது மூச்சு. ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 2014-இல் இந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ நீராக மாறுகிறது. சும்மா உட்கார்ந்து வேகமாக மூச்சு விட்டால் போய்விடாது. தசை எரித்தால்தான் அந்த வாயு உண்டாகும். தசை எரிக்க வேண்டுமானால் நடக்க வேண்டும், ஏற வேண்டும், சுமக்க வேண்டும். அப்போது நெஞ்சுக்கூடும் உதரவிதானமும் தாராளமாக அசைய வேண்டும். அந்த அசைவைத்தான் இறுகிய பெல்ட் பிடித்து நிறுத்துகிறது.

பெல்ட் போட்டால் வயிறு அமுங்கி, சாப்பாடு குறையும், அப்படியாவது இளைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சுவீடனில் இதைச் சோதித்தார்கள். மிகக் குறைந்த கலோரி உணவால் எடை குறைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இடுப்புக் கச்சை கொடுத்து, குறைந்த எடை நிற்கிறதா என்று பார்த்தார்கள். 2010-இல் முடிவு வந்தது. கச்சை உதவவில்லை. பலர் சொன்னபடி அதைத் தொடர்ந்து அணியவும் இல்லை. அசௌகரியமான ஒன்றை மாதக்கணக்கில் மனிதர்கள் அணிய மாட்டார்கள் என்பதும் ஒரு முடிவுதானே.

இனி அப்பத்தாவின் சேலைக்கு வருவோம். அதைக் குறை சொல்ல என் மனசு வரவில்லை. முழுதாகக் குறை சொல்ல அறிவியலும் இடம் தரவில்லை.

பிள்ளை பெற்ற உடனே கர்ப்பப்பை ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். ஆறு வாரத்தில் அது நூறு கிராமுக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் சுருக்கென்று இழுக்கிறதே, அதுதான் அந்தச் சுருக்கம். பிள்ளை சப்பும்போது ஊறும் ஆக்ஸிடோசின் செய்கிற வேலை. ஆறு வாரம் என்றால் 42 நாள். எங்கள் பக்கத்தில் பச்சை உடம்புக்காரிக்கு வயிறு கட்டுவதும் நாற்பது நாள். கர்ப்பப்பை தானாகச் சுருங்குகிற நாளும் கட்டுகிற நாளும் ஒன்றாகப் போனதால், உள்ளே நடந்த வேலைக்கு வெளியே சுற்றிய துணி பெயர் வாங்கிக்கொண்டது. இப்போது அந்தப் பெயரைக் கூரியர் பெல்ட் வாங்கிக்கொள்கிறது. பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் "ஆறு வாரத்தில் மாற்றம்" என்று அச்சடித்திருந்தது. ஒன்றுமே கட்டாதவளுக்கும் ஆறு வாரத்தில் மாற்றம் வரும்.

வயிற்றின் நடுவே, மேலிருந்து கீழாக, இரண்டு பக்கத் தசைகளையும் சேர்க்கும் ஒரு வெண்பட்டை உண்டு. பிள்ளை வளர வளர அது விரிந்து, தசைகள் விலகி நிற்கும். நார்வேயில் முதல் பிள்ளை பெற்ற 300 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2016-இல் வந்தது. ஆறாவது வாரத்தில் 60 விழுக்காட்டினருக்கு இந்த விலகல் இருந்தது. ஓராண்டில் 33 விழுக்காடாக இறங்கியது. பாதிப் பேருக்குத் தானாகவே சரியாகிறது. மீதிப் பேருக்கு ஓராண்டு கழிந்தும் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வயதாகியும் வயிறு தொப்பையாக நிற்கிறது என்று ஒரு பெண் வெட்கப்பட்டுச் சொன்னால், அவள் சோம்பேறித்தனத்தால் வந்தது என்று யாரும் பேச வேண்டாம். மூன்றில் ஒருத்திக்கு அப்படித்தான்.

துணி எதற்கு உதவும்? தாங்கலுக்கு. தளர்ந்த வயிறு எழுந்து நிற்கும்போது தொங்குகிறது, முதுகு வலிக்கிறது, இருமினால் பயமாக இருக்கிறது. ஆப்பரேஷன் செய்து பிள்ளை எடுத்தவருக்குத் தையல் இழுக்கிறது. மெத்தென்ற அகலமான துணி அந்த இழுப்பைத் தாங்கும். சிசேரியனுக்குப் பிறகு வயிற்றுப் பட்டை அணிந்தவர்களைப் பற்றிய சோதனைகளில் சிலவற்றில் வலி குறைந்தது; வேறு சிலவற்றில் அணியாதவர்களோடு ஒப்பிட வேறுபாடு தெரியவில்லை. கட்டினால் எழுந்து நடக்கத் தைரியம் வருகிறது என்றால் கட்டிக்கொள்ளலாம். பிரசவத்துக்குப் பின் சீக்கிரம் எழுந்து நடப்பதே பெரிய மருந்து. மலாய்ப் பெண்களும் பெங்குங் என்று நீளத் துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள். உலகத்தில் பல கரைகளில் பாட்டிமார் இதைக் கைக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதலின் ஒரு பங்கு, பிள்ளைக்காரியை தினமும் ஒரு முதிய கை தொட்டுக் கவனிக்கிறது என்பதுதான் என்று நினைக்கிறேன். பெல்ட்டின் கொக்கியில் அது கிடைக்காது.

ஆனால் இறுக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. வயிறு மேலே உதரவிதானமும் கீழே இடுப்படித் தசையும் மூடிய ஒரு பை. நடுவில் நெரித்தால் அழுத்தம் மேலும் கீழும் போயாக வேண்டும். கீழே போனால், பிரசவத்தில் ஏற்கெனவே நைந்த இடுப்படித் தசை தாங்க வேண்டியிருக்கிறது. அடி இறங்குகிற மாதிரி இருக்கிறது என்று சொல்கிற பெண்ணுக்கு, மருத்துவரைக் கேட்காமல் எதையும் இறுக்கிக் கட்டக்கூடாது. மேலே போனால் நெஞ்செரிச்சல். கிளாஸ்கோவில் நெஞ்செரிச்சல் தொந்தரவே இல்லாதவர்களுக்கு இடுப்பு பெல்ட் கட்டிச் சோதித்தார்கள், 2014-இல் வெளிவந்தது. பெல்ட் கட்டியதும் இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடம் மேலே தள்ளப்பட்டு, அமிலம் உணவுக்குழாயின் அடியில் ஏறியது. தொப்பை உள்ளவர்களுக்கும் பெல்ட் இல்லாமலேயே இதே போக்கு இருந்தது. தொப்பையை மறைக்க பெல்ட் கட்டுகிறவர், தொப்பை செய்கிற அதே கெடுதலை இன்னொரு மடங்கு சேர்க்கிறார்.

தோலும் இதில் பாடுபடுகிறது. உள்பாவாடை நாடாவின் தழும்பு எங்கள் வீட்டுப் பெண்கள் பலருடைய இடுப்பில் கறுப்பாக ஓடுகிறது. தினமும் ஒரே இடத்தில் மெல்லிய நாடா அறுக்க, வேர்வையும் உப்பும் சேர, அங்கே தோல் புண்ணாகி ஆறிப் புண்ணாகிறது. பல்லாண்டு ஆறாத அந்தப் புண் புற்றாக மாறியதும் உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் நோய்க்குறியியல் வல்லுநர் கனோல்கர் 1945-லேயே வேட்டி இறுக்கத்தால் இடுப்பில் வரும் புற்றைப் பற்றி எழுதினார். 2024-இல் மகாராஷ்டிரத்திலும் பீகாரிலும் இரண்டு வயதான பெண்களுக்கு உள்பாவாடை நாடாவால் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மிக அரிது. ஆனால் அந்தத் தழும்பு அரிதல்ல. அதில் புண் வந்து ஆறாமல் நின்றால் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், காட்டுங்கள். நாடாவுக்குப் பதில் அகலப் பட்டை, கொஞ்சம் தளர்ச்சி, அவ்வளவு போதும். இதேபோல் இறுகிய வார் இடுப்பின் ஓரமாகப் போகும் ஒரு நரம்பை நசுக்கி, தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போய் எரியச் செய்வதும் மருத்துவர்கள் நன்கு அறிந்தது. எலும்பு வரைக்கும் போன கதை ஐரோப்பாவில் இருக்கிறது. பாரிஸ் மருத்துவர் ஓஃபோலோவெல் 1908-இல் கார்செட் அணிந்த பெண்களை எக்ஸ்ரே எடுத்து, கீழ் விலா எலும்புகள் உள்ளே வளைந்து கிடப்பதை அச்சிட்டுக் காட்டினார். நெடுங்கால அழுத்தத்துக்கு எலும்பு இணங்குகிறது, தோல் இணங்குகிறது. கொழுப்பு மட்டும் இணங்குவதில்லை.

கல்யாண வீட்டுக்குப் போகும்போது சேலை மடிப்பு படிய வேண்டுமென்று ஷேப்வேர் அணிகிற பெண்ணை நான் தடுக்க மாட்டேன். அது உடை. நாலு மணி நேரம் அணிந்து கழற்றிவைத்தால் கெடுதி பெரிதில்லை. மூச்சு முட்டாத அளவு வாங்குங்கள் என்று மட்டும் சொல்வேன். அதை உடற்பயிற்சி என்று விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜிம்மில் பாரம் தூக்குகிறவர் கட்டும் தோல் வாரைக் காட்டிச் சிலர் வாதிடுவார்கள். அது வேறு. கனத்த பாரம் எடுக்கும் சில விநாடிகளுக்கு மூச்சைப் பிடித்து அந்த வாரின் மேல் வயிற்றை அழுத்தினால் உள்ளழுத்தம் கூடி முதுகெலும்புக்கு முட்டு கிடைக்கும். தூக்கி முடித்ததும் அவரே தளர்த்திவிடுவார். நாள் முழுக்கச் சுமை தூக்குகிறவரின் முதுகை அப்படி ஒரு பட்டை காக்குமா என்று அமெரிக்காவில் 160 கடைகளின் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரிடம் பார்த்து 2000-இல் எழுதினார்கள். முதுகுவலியோ காயமோ குறையவில்லை.

நம் ஒவ்வொருவருக்கும் உள்ளேயே ஒரு கச்சை இருக்கிறது. வயிற்றுத் தசைகளில் எல்லாவற்றுக்கும் அடியில், முதுகிலிருந்து புறப்பட்டுக் குறுக்காக ஓடி முன்னால் அந்த வெண்பட்டையில் சேரும் தசை. 1990களில் ஆஸ்திரேலியாவில் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் மெல்லிய மின்முனைகளை வைத்துப் பார்த்தபோது, ஒருவர் கையைத் தூக்கும் முன்பே இந்தத் தசை இறுகுவது தெரிந்தது. கை அசையப் போகிறது என்று மூளை நினைத்ததுமே இடுப்பு வரிந்து கட்டிக்கொள்கிறது. குடத்தைத் தூக்கும்போதும் பிள்ளையை இடுப்பில் வைக்கும்போதும் இதுவே நடக்கிறது. பிரசவத்துக்குப் பின் பலப்படுத்த வேண்டியது இதை. மருத்துவர் சம்மதித்ததும், மல்லாந்து படுத்து, மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்து, சிறுநீரை அடக்குவது போல இடுப்படியையும் சேர்த்துப் பிடித்து, விட வேண்டும். வேர்க்காது. பார்ப்பதற்கு எதுவும் நடப்பதுபோல் தெரியாது. பெட்டியில் போட்டு விற்கவும் முடியாது.

அழகுக்காக மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வயிற்றுக் கொழுப்பில் இரண்டு உண்டு. கிள்ளினால் விரலில் வருவது தோலடிக் கொழுப்பு. குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே சேர்வது கிள்ளினாலும் வராது. சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழி வகுப்பது பெரும்பாலும் அதுதான். நம் உடம்புகளில் அது ஒளிந்திருக்கும். புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மில் ஒல்லியாகத் தெரிகிறவர்களும் உள்ளே சுமந்துகொண்டிருக்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21-இல் முதல்முறையாக இடுப்பை அளந்தபோது, இந்தியப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமன் இருந்தது. பெல்ட் இந்த அளவை மறைக்கிறது. மறைக்கக் கூடாத ஒன்று அது.

இந்த உள்கொழுப்பு உழைப்புக்குச் சீக்கிரம் இளகும். எடை பெரிதாக இறங்காவிட்டாலும் நடை கூடினால் அது குறைகிறது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, தட்டில் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் மீனும் பயறும் காயும். எங்கள் கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை. குழம்பை ஊற்றிக்கொள்ள சோற்றை மலையாகக் குவிக்கும் வழக்கம்தான் பிரச்சினை.

அளப்பதற்கு டேப்பும் வேண்டாம். அரை என்றால் நம் மொழியில் இடுப்பு. பாதி என்பதும் அதே சொல்தான். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2022-இல் பொதுமக்களுக்குச் சொன்ன அளவு இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது. ஒருவர் தலை முதல் கால் வரை ஒரு கயிற்றைப் பிடித்து அறுத்து, இரண்டாக மடித்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் மூச்சை விட்ட நிலையில் சுற்றிப் பார்த்தால் போதும். அரணாக்கயிறு கட்டுகிற ஆண்களுக்கு இது புதிதில்லை. கயிறு இறுக்குதே, மாத்திக் கட்டணும் என்று அவர்கள் சொல்லும் நாளில் மருந்துக்கடைத் தராசை விட அந்தக் கயிறு சரியாகச் சொல்லியிருக்கிறது. டேப்பால்தான் அளப்பேன் என்றால், தெற்காசியருக்கான வரம்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

பிள்ளைக்காரியை அன்று அளக்கவில்லை. அவளுக்கு ஓராண்டு அவகாசம் இருக்கிறது. பெல்ட் திரும்பிப் போனது. சேலைக் கட்டை அப்பத்தா தொடர்ந்தாள், இரண்டு விரல் நுழைகிற தளர்ச்சியோடு.

அளந்தது அம்மாவை. "என்னைய எதுக்குடி அளக்குற, பிள்ளை பெத்தவ அங்க படுத்திருக்கா" என்று விலகினாள். மடித்த சணல் கயிறு முன்னால் ஒன்றுசேரவில்லை. நாலு விரல் இடைவெளி. ஆறு வருஷமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவள். கொஞ்ச நேரம் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் விடியலில் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு பாம்பன் ரோட்டில் நடக்கப் போனாள்.

அந்தக் கயிறு இப்போது காலண்டர் ஆணியில் தொங்குகிறது. மாசப் பிறப்புக்கு மாசப் பிறப்பு அதை எடுத்துச் சுற்றிப் பார்க்கிறாள். போன தடவை மூன்று விரல்.